மெஷினை விட ஸ்ட்ரிப் முக்கியம்: வீட்டில் சுகர் பார்க்கும் சாமான்களை வாங்குவதும் கையாளுவதும்

சுகர் மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மெஷின் நல்லது?" கேட்க வேண்டியது, மெஷினில் செருகி ரத்தத் துளியைத் தொடும் ஸ்ட்ரிப்பைப் பற்றி. ரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு வினைபுரியும் என்சைம் ஸ்ட்ரிப்பின் உள்ளேதான் பூசப்பட்டிருக்கிறது. அந்த வினையில் உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து எண்ணாக்கிக் காட்டுவதோடு மெஷினின் வேலை முடிந்துவிடுகிறது. என்சைம் கெட்டுப்போயிருந்தால் எவ்வளவு உயர்ந்த மெஷினும் தப்பான எண்ணைத்தான் காட்டும். பல சமயம் தப்பு என்று சொல்லவும் சொல்லாது. மெஷினை ஒரு தடவை வாங்குகிறோம். ஸ்ட்ரிப்பை மாதாமாதம் வாங்குகிறோம். அதனால் செலவும் துல்லியமும் இரண்டுமே ஸ்ட்ரிப்பின் கையில்தான் இருக்கின்றன.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு நிறுவனத்தின் மெஷினில் இன்னொரு நிறுவனத்தின் ஸ்ட்ரிப் வேலை செய்யாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கே வெவ்வேறு ஸ்ட்ரிப் இருக்கும். ஆகவே மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அதற்கான ஸ்ட்ரிப் நீங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் எப்போதும் கிடைக்குமா, 50 ஸ்ட்ரிப் டப்பா என்ன விலை, டப்பாவைத் திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்று கேளுங்கள். இலவசமாகக் கிடைத்த மெஷினுக்கு விலை அதிகமான ஸ்ட்ரிப் வாங்கிக்கொண்டே இருப்பதை விட, காசு கொடுத்து மெஷின் வாங்கி மலிவான, நம்பகமான ஸ்ட்ரிப் போடுவது பல பேருக்கு லாபம்.

பெட்டியில் ஐ.எஸ்.ஓ. 15197:2013 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். 100 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள ரீடிங்குகளில் நூற்றுக்கு 95, லேப் முடிவிலிருந்து 15 மில்லிகிராம் கூட அல்லது குறைய என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். 100-க்கு மேலே போனால் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது அந்தத் தரம். இதன் பொருளை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையான அளவு 200 என்றால், 170-ம் சரி, 230-ம் சரி. ஐந்து நிமிட இடைவெளியில் 142, பிறகு 155 என்று வந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அளவியல் கணக்கில் அவை இரண்டும் ஒரே எண்தான்.

அடுத்து அலகு. சில நாடுகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், சில நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோல். மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும்: 5.5 என்றால் ஏறத்தாழ 100. 10 என்றால் 180. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்து தரும் மெஷினில் இது கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். பல மெஷின்களில் அலகு தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டிருக்கும், பிறகு மாற்ற முடியாது. இங்கே இனி வரும் சுகர் எண்கள் எல்லாம் மில்லிகிராம் கணக்கு.

பழைய மாடல்களில் ஒவ்வொரு புது டப்பாவுக்கும் அதன் குறியீட்டு எண்ணை (கோட்) மெஷினில் போட வேண்டும், அல்லது கூட வரும் சிப்பைச் செருக வேண்டும். மறந்தால் ரீடிங் தப்பும். வயதானவர்களுக்கு வாங்குவதென்றால் குறியீட்டு எண் தேவைப்படாத மாடலே மேல். கை நடுக்கம் உள்ளவருக்கு அகலமான ஸ்ட்ரிப், கண் மங்கியவருக்குப் பெரிய எழுத்து அல்லது எண்ணை வாய்விட்டுச் சொல்லும் மெஷின் என்று பார்த்து வாங்குங்கள்.

சிலருக்கு எந்த ஸ்ட்ரிப்பானாலும் சரி என்று விட முடியாது. ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவத்தை வயிற்றில் செலுத்தி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் ரத்தத்தில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை சேரும். ஜி.டி.ஹெச்.-பி.கியூ.கியூ. என்ற வகை என்சைம் போட்ட ஸ்ட்ரிப் அந்த மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். உண்மையில் சுகர் இறங்கிக் கிடக்கும்போது மெஷின் அதிகம் என்று காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-ல் இதற்காகவே பொது எச்சரிக்கை விட்டது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஸ்ட்ரிப் டப்பாவைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். ரத்தசோகை கடுமையாக உள்ளவர்களுக்குப் பல மெஷின்கள் இருப்பதை விடக் கூடுதலாகக் காட்டும். ரத்தம் கெட்டியாக, சிவப்பணு மிகுந்து இருந்தால் குறைவாகக் காட்டும். எந்த வரம்பு வரை சரியாக அளக்கும் என்பது ஸ்ட்ரிப் தாளில் "ஹெமட்டோகிரிட்" (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) என்ற தலைப்பில் அச்சாகியிருக்கும்.

எத்தனை ஸ்ட்ரிப், எத்தனை ஊசி

ஒரு நாளைக்கு நான்கு தடவை பார்ப்பவருக்கு 30 நாளைக்கு 120. ரத்தம் போதாமல் வீணாவது, சந்தேகம் வந்து மறுபடி பார்ப்பது என்று பத்து ஸ்ட்ரிப்பாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். 130 என்றால் 50 ஸ்ட்ரிப் டப்பா மூன்று. பத்து நாளைக்கான ஸ்ட்ரிப் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். கடைசி ஸ்ட்ரிப் தீரும் நாள்தான் பெரும்பாலும் விடுமுறையாக அமையும்.

எப்போதாவது பார்ப்பவர்களுக்கு வேறு கணக்கு, இதைப் பலர் கவனிப்பதில்லை. டப்பாவின் மேல் உள்ள காலாவதி தேதி திறக்காத டப்பாவுக்கானது. திறந்தபின் சில ஸ்ட்ரிப்கள் 3 மாதம்தான் தாங்கும், சில 6 மாதம், சில அந்தக் காலாவதி தேதி வரைக்கும். வாரம் இரண்டு தடவை மட்டும் பார்ப்பவர் 50 ஸ்ட்ரிப் டப்பா ஒன்று வாங்கினால் அது தீர 25 வாரம் ஆகும். 3 மாதக் கெடு உள்ள ஸ்ட்ரிப்பாக இருந்தால் பாதி டப்பா கெட்ட ஸ்ட்ரிப். அப்படிப்பட்டவர்கள் 25 ஸ்ட்ரிப் டப்பாவோ, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் வருவதோ வாங்க வேண்டும். டப்பாவைத் திறந்த உடனே அன்றைய தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். மறக்காமல் இருக்க இதை விட எளிய வழி இல்லை.

காப்பீடு மூலமாகவோ அரசு மருத்துவத் திட்டம் மூலமாகவோ வாங்குகிறவர்களுக்குச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லாம். "தேவைப்படும்போது பார்க்கவும்" என்ற சீட்டுக்கு எத்தனை தருவது என்று கடைக்காரருக்கும் தெரியாது, காப்பீட்டுக்காரருக்கும் தெரியாது. மெஷினின் பெயர், ஸ்ட்ரிப்பின் பெயர், நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நாளைக்கு, இன்சுலின் போடுகிறவரா இல்லையா, இவ்வளவும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கத்தை விட அதிகம் தேவைப்பட்டால் (கர்ப்பம், அடிக்கடி சுகர் இறங்கி லோ ஆவது, மருந்தை மாற்றிய சமயம்) அந்தக் காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். முந்தைய மாத ரீடிங் நோட்டை இணைத்தால் மறுப்பது கடினம்.

ஒருவர் வாங்கி மிச்சம் வைத்ததை மலிவாக விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். சீல் உடையாமல் இருந்தாலும் அந்த டப்பா எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. தேதியை மறைத்து ஒட்டிய ஸ்டிக்கர், பெட்டியில் ஒரு பேட்ச் எண், டப்பாவில் வேறு எண், இப்படி எது தென்பட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குத்தும் ஊசியில் எண் கூடக் கூட மெல்லிசு: 33 மிக மெல்லியது, 28 தடிமன். உழைத்துக் காய்த்த விரலுக்கு 33 போட்டால் ரத்தம் வராது, இரண்டு மூன்று தடவை குத்த வேண்டி வரும். ஒரே தடவையில் முடிக்கும் 28 அவருக்கு வலி குறைவு. ஊசிகள் குத்தும் பேனாவுக்கு (ஊசியைப் பொருத்தி விரலில் குத்தும் பேனா வடிவக் கருவி) பொருந்துகின்றனவா என்று ஒன்றைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

டப்பாவை எப்படி வைப்பது

ஸ்ட்ரிப்பின் எதிரி ஈரமும் சூடும். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்தே செய்திருப்பார்கள். மூடி திறந்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துச் செயலிழந்துவிடும். ஒன்றை எடுத்ததும் மூடி "டிக்" என்று சத்தம் கேட்க மூட வேண்டும். ஸ்ட்ரிப்பை மெஷினில் சொருகிவிட்டுப் பிறகு மூடலாம் என்று தள்ளிப்போடும்போதுதான் மூடி மறந்துபோகிறது. ஸ்ட்ரிப்களை வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. பழைய டப்பாவின் மிச்சத்தைப் புதியதில் கொட்டவும் கூடாது.

பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 30 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாத இடத்தில் வைக்க வேண்டும். சமையலறை, குளியலறை, வண்டியின் முன்பெட்டி மூன்றும் வேண்டாம். ஃபிரிட்ஜும் வேண்டாம்: வெளியே எடுக்கும்போது உள்ளே நீர் பனிக்கும். மெஷினும் குளிரிலிருந்தோ வெயிலிலிருந்தோ வந்தால், அரைமணி நேரம் அறைச் சூட்டில் வைத்துவிட்டுப் பிறகு பாருங்கள்.

குத்துவது

கை கழுவாமல் பார்த்த ரீடிங்கை நம்பாதீர்கள். விரலில் ஒட்டிய சர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஸ்ட்ரிப்புக்குத் தெரியும். பழத்தை உரித்த கையோடு குத்தினால் 110 இருப்பவருக்கு 250-க்கு மேலும் காட்டலாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது அந்தச் சர்க்கரையை முழுக்க எடுக்காது. தண்ணீரும் சோப்பும்தான் எடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் விரலுக்கு ரத்த ஓட்டமும் கூடும். கழுவியபின் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் துளியாக நிற்காமல் பரவிவிடும், நீர்த்தும் போகும். கழுவ வழியே இல்லாத இடத்தில் முதல் துளியை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்துங்கள்.

புது ஊசியைப் பேனாவில் பொருத்தி, ஆழத்தை 2-ல் வையுங்கள். ரத்தம் வரவில்லையென்றால் ஒவ்வொரு எண்ணாகக் கூட்டலாம். ஸ்ட்ரிப்பை மெஷினில் செருகி, திரையில் துளிச் சின்னம் வந்தபின் குத்துங்கள். முன்னதாகக் குத்தினால் ஸ்ட்ரிப்பைத் தேடுவதற்குள் துளி உறைய ஆரம்பிக்கும்.

விரல் நுனியின் நடுச்சதையில் குத்தாதீர்கள், பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் நரம்பு முனைகள் அதிகம், வலிக்கும். மேலும் எதைத் தொட்டாலும் அந்த இடம்தான் படும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுவிட்டால் இரண்டு கையிலும் ஆறு விரல், விரலுக்கு இரண்டு பக்கம், ஆக 12 இடம். வரிசையாக மாற்றிக்கொண்டே வந்தால் ஒரே இடம் மரத்துப்போகாது.

குத்தும் முன் கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி நீவிவிடுங்கள். குத்திய பிறகு நுனியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீரும் வந்து கலக்கும், ரீடிங் மாறும். கடுகளவு துளி போதும். இப்போதைய ஸ்ட்ரிப்களில் பல அரை மைக்ரோலிட்டர் அளவில் அளந்துவிடுகின்றன.

துளியை ஸ்ட்ரிப்பின் மேலே சொட்டவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. ஸ்ட்ரிப்பின் விளிம்பில் ஒரு மெல்லிய வாய் இருக்கும். அந்த வாயைத் துளியின் ஓரத்தில் தொட்டால் போதும், தானாக உறிஞ்சிக்கொள்ளும். சிறு சாளரம் போன்ற பகுதி முழுவதும் சிவந்து நிரம்பும் வரை விரலை எடுக்காதீர்கள். தோலில் அழுத்தவும் செய்யாதீர்கள், வாய் அடைபடும். பாதி நிரம்பினால் சில மெஷின்கள் சில வினாடிக்குள் இன்னும் கொஞ்சம் ரத்தம் சேர்க்க விடும். உங்கள் மெஷினில் அந்த வசதி இல்லையென்றால் அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுங்கள். மேலே தடவி நிரப்பப் பார்ப்பது தப்பான குறைந்த எண்ணுக்கு நேர் வழி.

ஊசியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் முனை மழுங்கி வலி கூடும். அதை விடப் பெரிய விஷயம்: ஊசியையும் குத்தும் பேனாவையும் கணவன் மனைவியாக இருந்தாலும் பகிரக் கூடாது. ஊசியை மாற்றினாலும் பேனாவின் முனையில் ஒட்டிய ரத்தம் வழியாக ஹெபடைடிஸ் பி பரவியிருக்கிறது.

எண் நம்பும்படியாக இல்லையென்றால்

உடம்பு ஒன்று சொல்லி மெஷின் வேறொன்று சொன்னால், கையைக் கழுவி, வேறு விரலில், புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பாருங்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் கன்ட்ரோல் சொல்யூஷனை எடுங்கள். குளுக்கோஸ் அளவு தெரிந்த திரவம் அது. குலுக்கி, முதல் சொட்டை விட்டுவிட்டு, அடுத்த சொட்டை ஒரு சுத்தமான மூடியில் விட்டு ஸ்ட்ரிப்பால் தொடுங்கள். வரும் எண் ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சான வரம்புக்குள் இருக்க வேண்டும். வெளியே போனால் வேறு டப்பாவில் ஒரு ஸ்ட்ரிப் எடுத்துப் பாருங்கள்; அதில் சரியாக வந்தால் கெட்டது முதல் டப்பா, அதிலும் தப்பினால் சிக்கல் மெஷினிலோ சொல்யூஷனிலோ இருக்கிறது. சொல்யூஷன் பாட்டிலும் திறந்தபின் பெரும்பாலும் 3 மாதம்தான் தாங்கும். புது டப்பா திறக்கும்போது, மெஷின் கீழே விழுந்தபோது, இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

இரண்டு மெஷினை ஒப்பிட்டு எது சரி என்று கண்டுபிடிக்க முடியாது. லேபோடு ஒப்பிடுங்கள், அதுவும் வெறும் வயிற்றில்: லேபில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் பாருங்கள். லேப் 126 என்றால் மெஷினில் 107-லிருந்து 145 வரை ஏற்கலாம். சாப்பிட்டபின் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் அப்போது விரல் ரத்தத்தில் சர்க்கரை, கையின் ரத்தக்குழாயில் எடுக்கும் ரத்தத்தை விட இயல்பாகவே அதிகம்.

திரையில் "லோ" என்றால் மெஷினால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு, பல மாடல்களில் 20-க்குக் கீழ். "ஹை" என்றால் பெரும்பாலும் 600-க்கு மேல். கை கழுவி மறுபடி பார்த்தும் "ஹை" என்றே வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டைப் 1 நோயாளிகள் (உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காதவர்கள்), குறிப்பாகக் காய்ச்சல், வாந்தி சமயத்தில் 240-க்கு மேல் நின்றால் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். அதற்குத் தனி ஸ்ட்ரிப். ரத்தக் கீட்டோன் (இது மட்டும் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு) 0.6-க்குக் கீழே இருந்தால் சரி, 1.5 தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். 3-ஐத் தொட்டால் அவசர சிகிச்சை.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் திரும்பவும் 15 கிராம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். வியர்வையும் நடுக்கமும் வந்து கையில் ஸ்ட்ரிப் இல்லையென்றால் குளுக்கோஸை முதலில் எடுங்கள், அளவைப் பிறகு பார்க்கலாம்.

இருக்கும் ஸ்ட்ரிப்பை எப்போது செலவழிப்பது

நாளுக்குப் பல தடவை இன்சுலின் போடுகிறவர் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும், படுக்கும் முன்னும், வண்டி ஓட்டும் முன்னும் பார்க்க வேண்டும். இதில் சிக்கனம் கூடாது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்கு அத்தனை தேவையில்லை. அவர் தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து 110, 115 என்று எழுதிக்கொண்டே வந்தால் அதிகம் தெரிய வராது. ஸ்ட்ரிப்பை ஜோடியாகச் செலவழியுங்கள்: திங்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. புதன் மதியம், வெள்ளி இரவு அதே மாதிரி. ஞாயிறு படுக்கும் முன் ஒன்று, மறுநாள் எழுந்ததும் ஒன்று. வாரத்துக்கு எட்டே ஸ்ட்ரிப், ஆனால் எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது, இரவில் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும். கர்ப்பம் இல்லாத பெரியவர்களுக்குப் பொதுவான இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80-லிருந்து 130, பின் 180-க்குள். உங்களுக்கான எண்ணை மருத்துவர் மாற்றிச் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7 சதவீதம் என்றால் சராசரி சுகர் 154 என்று பொருள். 8 என்றால் 183. மெஷினில் எப்போதும் 120 வருகிறது, ஹெச்பிஏ1சி மட்டும் 8 என்றால் பெரும்பாலும் நீங்கள் பார்க்காத நேரத்தில் ஏறுகிறது.

மெஷினின் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள். பேட்டரி மாற்றியபின் காலை, மாலை மாறிப் பதிந்தால், மருத்துவர் உங்கள் வெறும் வயிற்று ரீடிங்கை இரவுச் சாப்பாட்டு ரீடிங் என்று நினைத்து மருந்தை மாற்றக்கூடும்.

தோலில் ஒட்டும் சென்சார்

விரலில் குத்தாமலே சுகரைத் தொடர்ந்து காட்ட, தோலில் ஒட்டிக்கொள்ளும் கருவி சென்சார். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியிலுள்ள திசுநீரை. ஆகவே விரல் ரீடிங்கை விடச் சில நிமிடம் பின்தங்கும். வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டும் ஒத்துப்போகாது. கையில் ஒட்டிய சென்சாரின் மேல் ஒருக்களித்துப் படுத்தால் இல்லாத லோவைக் காட்டி இரவில் அலறும். புரண்டு படுத்தால் ஏறிவிடும். புதிதாக ஒட்டிய முதல் நாள் எண்கள் தடுமாறும். அதிக அளவு பாரசிட்டமாலோ வைட்டமின் சி-யோ சில மாடல்களை ஏமாற்றும். உங்கள் மாடலின் தாளில் எது என்று இருக்கும். உடம்பின் அறிகுறியும் சென்சாரும் முரண்பட்டால் விரலில் குத்தித்தான் முடிவெடுக்க வேண்டும். சென்சார் வந்துவிட்டது என்று ஸ்ட்ரிப் வாங்குவதை நிறுத்திவிடாதீர்கள்.

பயணமும் குப்பையும்

பயணத்துக்கு நாள் கணக்கைப் போல இரண்டு மடங்கு ஸ்ட்ரிப் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று பேட்டரியும் குளுக்கோஸும் சேர்த்து, கையோடு வரும் பையில் வையுங்கள், விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் அல்ல.

பயன்படுத்திய ஊசியைச் சாதாரணக் குப்பையில் அப்படியே போட்டால் குப்பை அள்ளுபவரின் கையில் குத்தும். திருகு மூடி போட்ட கனமான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, "ஊசி" என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி, டேப் சுற்றி, ஊசிக் கழிவை வாங்கிக்கொள்ளும் மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ கொடுத்துவிடுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டிலை ஊசி துளைத்துவிடும், அது உதவாது.